பைத்தான்ல இருந்து அட்டாச்மென்ட்டோட மெயில் அனுப்பறது எப்படி: மொத தடவ செய்றவங்களுக்கு

தினமும் அதே ரிப்போர்ட்ட எடுத்து, அதே நாலு பேருக்கு, அதே சப்ஜெக்ட் போட்டு, கையால அட்டாச் பண்ணி அனுப்பிட்டு இருக்கீங்கன்னா அந்த வேலைய ஒரு ஸ்க்ரிப்ட் கிட்ட குடுத்துடலாம். முப்பது வரிக்குள்ள முடிஞ்சிடும், பைத்தானோட வர்றதே போதும், தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல. ஆனாலும் மொத தடவ எழுதறவங்க நெறைய பேரு ரெண்டு மூணு நாள் இதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறத பாத்திருக்கேன். எங்கயோ கெடச்ச ஒரு பழைய கோடை அப்டியே எடுத்துப் போட்டுடறாங்க, எர்ரர் வந்தா எந்தப் பக்கம் தேடணும்னு தெரியல, அதான் பிரச்சன.

அதனால மொதல்ல ஒண்ணே ஒண்ண மனசுல வச்சுக்கங்க. மெயில கட்டறது ஒரு வேல, அத கொண்டுபோய் சேக்கறது வேற ஒரு வேல. கடுதாசி எழுதி மடிச்சு உறைக்குள்ள போட்டு ஒட்டறது நம்ம மேஜையில நடக்கறது, தபால் பொட்டியில போட்டப்புறம் நடக்கறது நம்ம கையில இல்ல, அந்த மாதிரி. பைத்தான்லயும் இதுக்கு ரெண்டு தனி மாட்யூல் இருக்கு, கட்டறதுக்கு ஈமெயில், அனுப்பறதுக்கு எஸ்எம்டிபிலிப். ஈமெயில் மாட்யூலுக்கு இன்டர்நெட்னா என்னன்னே தெரியாது, எஸ்எம்டிபிலிப்புக்கு அட்டாச்மென்ட்னா என்னன்னே தெரியாது. இது ஒண்ணு புரிஞ்சுட்டா எர்ரர் வந்ததும் பாதி தேடல் கொறஞ்சிடும்: ஃபைல் உடைஞ்சு போச்சுன்னா கட்டுன எடத்துல தப்பு, கனெக்ட் ஆகலன்னா அனுப்பற எடத்துல தப்பு.

ஒரு சின்ன விஷயம், கீழ நான் ஃபங்ஷன் பேரையெல்லாம் தமிழ்லயே எழுதிட்டுப் போறேன். நீங்க எடிட்டர்ல இங்கிலீஷ்ல அடிக்கணும், ஃபங்ஷன் பேர்ல ரெண்டு வார்த்த வந்தா எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல அண்டர்ஸ்கோர். க்ளாஸ் பேரா இருந்தா அங்கயே சொல்லிடறேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

பைத்தான் 3.6 இல்ல அதுக்கு மேல இருக்கணும். 3.6ல இருந்துதான் ஈமெயில்மெசேஜ்ங்கற புது க்ளாஸ் நிலையானதா வந்துச்சு, இந்தக் கட்டுரை முழுக்க அத வச்சுத்தான். மைம்மல்டிபார்ட், மைம்பேஸ், என்கோடர்ஸ்னு அஞ்சாறு இம்போர்ட் போட்ட கோட் எங்கயாவது பாத்தீங்கன்னா அது பழைய வழி. இன்னைக்கும் ஓடும், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுல ஒவ்வொரு துண்டையும் நீங்களே செஞ்சு, நீங்களே என்கோட் பண்ணி, நீங்களே ஹெடர் (மெயில் மேல இருக்கற ஃப்ரம், டூ, சப்ஜெக்ட் மாதிரி விவர வரி) போட்டு ஒட்டணும், ஒண்ண மறந்தா எர்ரர் எதுவும் வராது, ஃபைல் மட்டும் தெறக்காது. புதுசா எழுதறவங்க அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொண்ணு, உங்க ஸ்க்ரிப்ட் ஃபைலுக்கு தயவுசெஞ்சு ஈமெயில் டாட் பிஒய்னு பேர் வைக்காதீங்க. எல்லாருக்கும் மொதல்ல தோணற பேர் அதுதான், அதான் கஷ்டம். அப்டி வச்சா பைத்தான் தன்னோட சொந்த ஈமெயில் மாட்யூல இம்போர்ட் பண்றதுக்கு பதிலா உங்க ஃபைலயே இம்போர்ட் பண்ணும், சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு இம்போர்ட் எர்ரர் வரும், நீங்க பைத்தானையே திரும்ப இன்ஸ்டால் பண்ணிட்டு உக்காந்திருப்பீங்க. ரிப்போர்ட் அனுப்பு, தினசரி மெயில்னு வேற எதையாவது வைங்க.

அட்டாச்மென்ட்னா உள்ள என்ன நடக்குது

இத தாண்டிப் போயிடலாம்னு தோணும், ஆனா இந்தப் பகுதி தெரிஞ்சவங்களுக்குத்தான் பின்னாடி வர்ற பாதி எர்ரர் பாத்த உடனே புரியும்.

மெயில் அனுப்பற எஸ்எம்டிபி விதிமுறை 1982ல வந்துச்சு. அப்போ மெயில்னா வெறும் எழுத்து, அதுவும் 7 பிட்டுக்குள்ள அடங்கற 128 குறி மட்டும்தான். தமிழும் போகாது, படமும் போகாது. பத்து வருஷம் கழிச்சு 1992ல நேத்தனியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ரெண்டு பேரும் மைம்னு ஒரு முறைய கொண்டுவந்தாங்க. அந்த வருஷம் மார்ச் 11ஆம் தேதி போரன்ஸ்டைன் தன்னோட பாட்டுக் குழு படத்தையும் அவங்க பாடுன ஒலித்துண்டையும் இணைச்சு ஒரு மெயில் அனுப்புனாரு, மைம் வழியா போன மொத அட்டாச்மென்ட் அதுதான். அவங்க பழைய தபால் வழிய மாத்தவே இல்ல, எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது அதுதான். எழுத்து மட்டும்தான் போகும்னா சரி, ஃபைலயும் எழுத்தாவே மாத்திடுவோம்னு முடிவு பண்ணாங்க.

அப்டி மாத்தற முறைக்குப் பேரு பேஸ்64. மூணு பைட்ட எடுத்து நாலு எழுத்தாக்கும், 76 எழுத்துக்கு ஒரு தடவ வரிய முறிக்கும். கணக்குப் போட்டா ஃபைல் கிட்டத்தட்ட 37 சதவீதம் வீங்கும். அதனாலதான் 10 எம்பி லிமிட் வச்ச ஒரு சர்வர்ல 7 எம்பி ஃபைல் போகும், 8 எம்பி ஃபைல் போகாது, ஏன்னா 8 எம்பி பொட்டி கட்டி முடிக்கும்போது 11 எம்பி கிட்ட வந்திருக்கும். "எட்டுதானே, பத்துக்குள்ளதானே இருக்கு, ஏன் போகல"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான்.

அப்புறம் மெயில் முழுக்க பல துண்டா பிரிஞ்சிருக்கும், நீங்க எழுதுன வார்த்தைகள் ஒரு துண்டு, ஒவ்வொரு ஃபைலும் ஒரு துண்டு, துண்டுக்கு நடுவுல பவுண்டரின்னு ஒரு பிரிப்புக் கோடு. ஒவ்வொரு துண்டு மேலயும் இது என்ன வகை, இதோட ஃபைல் பேரு என்னன்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வகைய சொல்ற சீட்டு கன்டென்ட் டைப், அட்டாச்மென்ட்டா காட்டுன்னு சொல்ற சீட்டு கன்டென்ட் டிஸ்பொசிஷன். அவ்ளோதான் விஷயம்.

மெயில கட்டறது

ஈமெயில் டாட் மெசேஜ்ல இருந்து ஈமெயில்மெசேஜ் க்ளாஸ இம்போர்ட் பண்ணுங்க, இது ஒரே சொல்லா வரும், ஈ எழுத்தும் எம் எழுத்தும் பெருசு. அதுல ஒரு ஆப்ஜெக்ட் செய்யுங்க, எம்எஸ்ஜின்னு பேர் வச்சுக்குவோம். இது ஒரு டிக்ஷனரி மாதிரி நடந்துக்கும், சதுர அடைப்புக்குள்ள ஃப்ரம், டூ, சப்ஜெக்ட்னு சாவி குடுத்து மதிப்பப் போட்டா ஹெடர் ரெடி. நாலு பேருக்கு அனுப்பணும்னா டூல நாலு முகவரியையும் கமா போட்டு ஒரே ஸ்ட்ரிங்கா குடுங்க. லிஸ்ட்டாவே வச்சிருக்கீங்கன்னா ஜாயின் பண்ணிக் குடுங்க.

தேதி ஹெடர் தானா வராது. ஈமெயில் டாட் யூட்டில்ஸ்ல ஃபார்மட்டேட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அண்டர்ஸ்கோர் இல்லாம ஒரே சொல், அதுக்கு லோக்கல்டைம் ட்ரூன்னு குடுத்து டேட் ஹெடர்ல போட்டுடுங்க. பக்கத்துலயே மேக் எம்எஸ்ஜிஐடின்னு இன்னொரு ஃபங்ஷன், அத மெசேஜ் ஐடி ஹெடர்ல (நடுவுல ஹைஃபன்) போடுங்க. இத விட்டாலும் பல சர்வர் தானே சேத்துக்கும், ஆனா நாமளே போட்டுட்டா பின்னாடி ஏதாவது தேடணும்னா கையில ஒரு அடையாளம் இருக்கும், கடைசியில இது எங்க உதவுதுன்னு சொல்றேன்.

உள்ள எழுதற விஷயத்துக்கு செட் கன்டென்ட். சாதா ஸ்ட்ரிங் குடுத்தா போதும், தமிழ் இருந்தா தானா யுடிஎஃப்-8ஆ மாத்திக்கும். சப்ஜெக்ட்லயும் தமிழ் தாராளமா போடலாம், பழைய வழியில இருந்த தொல்லை எதுவும் இதுல இல்ல.

அழகா எச்டிஎம்எல் வடிவத்துலயும் அனுப்பணும்னா செட் கன்டென்ட்டுக்கு அப்புறம் ஆட் ஆல்டர்நேட்டிவ் கூப்பிட்டு, சப்டைப்ப எச்டிஎம்எல்னு குடுங்க. வரிசை முக்கியம்: மொதல்ல சாதா எழுத்து, அப்புறம் எச்டிஎம்எல், கடைசியா அட்டாச்மென்ட். அட்டாச்மென்ட்ட மொதல்ல சேத்துட்டு அப்புறம் எச்டிஎம்எல் சேக்கப் போனா மிக்ஸ்ட ஆல்டர்நேட்டிவா மாத்த முடியாதுன்னு வேல்யூ எர்ரர் வரும். அந்த எர்ரர் வார்த்தைய வச்சு யாருக்கும் ஒண்ணும் புரியாது, வரிசைய மாத்துனா போயிடும்.

ஃபைல இணைக்கறது

இங்கதான் நிதானமா இருக்கணும். மொத்தம் மூணு விஷயம் தேவை: ஃபைலோட பைட்டுகள், அது என்ன வகை, என்ன பேரு.

பைட்டுகள எடுக்க பாத்லிப் மாட்யூல்ல பாத்னு ஒரு க்ளாஸ் இருக்கு, பி எழுத்து மட்டும் பெருசு, அதுல ஃபைல் எடத்தக் குடுத்து ரீட் பைட்ஸ் கூப்பிடுங்க. ஓப்பன் ஃபங்ஷன்தான் பழக்கம்னா ஆர்பின்னு மோட் குடுத்து தெறங்க. அந்த பி விட்டுப் போச்சுன்னா பிடிஎஃப், படம் மாதிரி ஃபைல்ல படிக்கும்போதே யூனிகோட் டிகோட் எர்ரர் வந்து நின்னுடும். சிஎஸ்வி மாதிரி எழுத்து ஃபைலா இருந்தா படிச்சிடும், ஆனா அடுத்த அடியில, மெயின்டைப்னு ஒரு ஆர்க்யுமென்ட் எதிர்பாக்கலன்னு டைப் எர்ரர் விழும். அந்த எர்ரரப் பாத்துட்டு மெயின்டைப்ப எடுத்துட்டுப் பாக்கறாங்க, வேல செய்யுது, சந்தோஷமாயிடறாங்க, ஆனா உண்மையான காரணம் நீங்க பைட்டுக்கு பதிலா ஸ்ட்ரிங் குடுத்தீங்கங்கறது. பிய போடுங்க, எல்லா ஃபைலுக்கும் ஒரே மாதிரி நடக்கும்.

வகைய கண்டுபிடிக்க மைம்டைப்ஸ்னு ஒரு மாட்யூல் பைத்தானோடயே வருது, அதுல கெஸ் டைப்ப கூப்பிட்டு ஃபைல் பேரக் குடுத்தா ரெண்டு மதிப்பு வரும், மொதலாவதுதான் வகை, பிடிஎஃப்புக்கு அப்ளிகேஷன், சாய்கோடு, பிடிஎஃப்னு சொல்லும். ஃபைலுக்குள்ள எட்டிப் பாத்துட்டு சொல்றதில்ல, பேர் கடைசியில இருக்கற எக்ஸ்டென்ஷன வச்சுத்தான் சொல்லுது. அது தெரியாத எக்ஸ்டென்ஷனா இருந்தா அந்த மொத மதிப்பு நன்னா இருக்கும், அப்போ அப்ளிகேஷன், சாய்கோடு, ஆக்டெட் ஸ்ட்ரீம்னு (ரெண்டு சொல்லுக்கு நடுவுல ஹைஃபன்) போட்டுடுங்க, அதுக்கு அர்த்தம் இது ஏதோ பைட்டு கூட்டம், வாங்கறவங்க பாத்துக்கட்டும்னு. சாய்கோட்டுக்கு முன்னாடி இருக்கறது மெயின்டைப், பின்னாடி இருக்கறது சப்டைப், ஸ்ப்ளிட் பண்ணி ரெண்டையும் தனித்தனியா எடுத்துக்கங்க.

இப்போ ஆட் அட்டாச்மென்ட்ட கூப்பிடுங்க, மொதல்ல பைட்டுகள், அப்புறம் மெயின்டைப், சப்டைப், ஃபைல்நேம் மூணும் பேர் சொல்லி. ஃபைல்நேம்ல முழு பாத்தையும் குடுக்காதீங்க, பாத் ஆப்ஜெக்ட்ல நேம்னு எடுத்தா வெறும் பேர் மட்டும் வரும். உங்க கம்ப்யூட்டர்ல எந்த ஃபோல்டர், யூசர் பேர் என்னங்கறதெல்லாம் வாங்கறவங்களுக்கு எதுக்கு. பேஸ்64 என்கோடிங், பவுண்டரி, சீட்டு ஒட்டறது எல்லாம் இந்த ஒரு ஃபங்ஷனே பாத்துக்கும். ரெண்டு மூணு ஃபைல்னா ஒரு ஃபார் லூப்புக்குள்ள இதையே திரும்பத் திரும்ப கூப்பிட வேண்டியதுதான்.

ஃபைல் பேர் தமிழ்ல இருக்கலாமான்னு கேப்பீங்க. இருக்கலாம், ஈமெயில்மெசேஜ் அத சரியா என்கோட் பண்ணும். ஆனா என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கங்க: தமிழ்ங்கற சொல்லு யூனிகோட்ல 5 குறி, யுடிஎஃப்-8ல 15 பைட், ஹெடர்ல சதவீதக் குறியோட எழுதும்போது 45 எழுத்து. நீளமான தமிழ்ப் பேர் வச்சா அந்த ஹெடர் பல துண்டா ஒடைஞ்சு போகும், நல்ல மெயில் ஆப் திரும்ப ஒட்டிக்கும், பழைய ஆப் சிலது ஒட்டாம பேர கொதறிக் காட்டும். நான் சப்ஜெக்ட்டும் உள்ள எழுதறதும் முழுக்க தமிழ்ல வச்சுக்கிட்டு, ஸ்க்ரிப்ட்ல இருந்து போற ஃபைல் பேர மட்டும் சுருக்கமா வச்சுக்குவேன், ரெண்டு மூணு தமிழ்ச் சொல்லு வரைக்கும் எனக்குத் தொல்லை வந்ததில்ல.

அனுப்பறதுக்கு முன்னாடி தெறந்து பாருங்க

இந்தப் படிய யாரும் செய்றதில்ல, செஞ்சா எவ்ளோ நேரம் மிச்சம்னு சொல்லி மாளாது. மெயில் கட்டி முடிச்சாச்சு, இன்னும் சர்வர் பக்கமே போகல. இப்போ எம்எஸ்ஜி ஆப்ஜெக்ட்ட பைட்ஸ் ஃபங்ஷனுக்குள்ள போட்டு, வர்றத சோதனை டாட் ஈஎம்எல்னு ஒரு ஃபைல்ல எழுதுங்க. அந்த ஃபைல தண்டர்பேர்ட் மாதிரி ஏதாவது மெயில் ஆப்ல தெறந்தீங்கன்னா வாங்கறவங்க எப்டிப் பாப்பாங்களோ கிட்டத்தட்ட அப்டியே தெரியும், அட்டாச்மென்ட்ட க்ளிக் பண்ணி தெறந்தும் பாத்துக்கலாம். அதே ஃபைல டெக்ஸ்ட் எடிட்டர்ல தெறந்தா மேல ஹெடர், நடுவுல பவுண்டரி, கீழ பேஸ்64 எழுத்துக் குவியல்னு நான் மேல சொன்னதெல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கும். இங்க சரியா இருந்துட்டா கட்டற வேல முடிஞ்சுது, இனிமே வர்ற எந்தப் பிரச்சனைக்கும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க வேண்டாம்.

பாஸ்வேர்ட் விஷயம்

ஜிமெயில் கணக்குல இருந்து அனுப்பப் போறீங்கன்னா உங்க வழக்கமான பாஸ்வேர்ட் வேல செய்யாது. கம்மி பாதுகாப்பு ஆப்களுக்கு அனுமதி குடுன்னு முன்னாடி ஒரு ஸ்விட்ச் இருந்துச்சு, தனி ஆளுங்க கணக்குக்கு 2022 மே மாசக் கடைசியில அத எடுத்துட்டாங்க, அதப் போடச் சொல்ற எந்தக் குறிப்பையும் நம்பாதீங்க. இப்போ வழி என்னன்னா, கூகுள் கணக்குல ரெண்டு படி சரிபார்ப்ப ஆன் பண்ணிட்டு, ஆப் பாஸ்வேர்ட்னு ஒண்ணு உருவாக்கணும். 16 எழுத்துல ஒண்ணு குடுப்பாங்க, அதத்தான் ஸ்க்ரிப்ட்ல பயன்படுத்தணும். வேற நிறுவனத்து மெயில்னா அவங்க விதி என்னன்னு அவங்க உதவிப் பக்கத்துல பாருங்க.

அந்த பாஸ்வேர்ட்ட கோடுக்குள்ள எழுதாதீங்க. இன்னைக்கு உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கற கோட் நாளைக்கு யாருக்காவது அனுப்புவீங்க, கிட்ஹப்ல ஏத்துவீங்க, ஒரு தடவ கிட் வரலாற்றுல போயிடுச்சுன்னா அடுத்த கமிட்ல அழிச்சாலும் பழைய கமிட்ல அப்டியே இருக்கும். என்விரான்மென்ட் வேரியபிள்ல, அதாவது கோடுக்கு வெளிய சிஸ்டம் பேர் போட்டு வச்சுக்கற மதிப்புல, வச்சு ஓஎஸ் டாட் என்விரான்ல இருந்து எடுங்க. தப்பித்தவறி வெளிய போயிடுச்சுன்னா கோட அழிக்கறதுல நேரம் போக்காம மொதல்ல அந்த ஆப் பாஸ்வேர்ட்ட கணக்குல போய் ரத்து பண்ணுங்க.

அனுப்பறது

சர்வருக்குள்ள எந்த வாசல் வழியா போறோம்னு சொல்றது போர்ட் எண், அதுல மூணு கண்ணுல படும், 25, 465, 587. 25 சர்வரும் சர்வரும் பேசிக்கறதுக்கு, நமக்கு வேண்டாம், பல நெட் நிறுவனங்களும் க்ளவுட் சர்வர்களும் அத அடைச்சே வச்சிருப்பாங்க. மிச்சம் ரெண்டுல 465ல கனெக்ட் ஆகும்போதே பூட்டு போட்ட இணைப்பு. 587ல சும்மா கனெக்ட் ஆகி, அப்புறம் ஸ்டார்ட்டிஎல்எஸ்னு சொல்லி பூட்டு போடணும். 2018ல வந்த ஆர்எஃப்சி 8314ங்கற இணைய விதிமுறை ஆவணம் மொதல்லயே பூட்டு போடற வழியத்தான் பரிந்துரைக்குது, உங்க சர்வர் 465 குடுத்தா அதையே எடுத்துக்கங்க, ஒரு படி கம்மி, மறக்கறதுக்கும் ஒண்ணு கம்மி.

எஸ்எஸ்எல் மாட்யூல இம்போர்ட் பண்ணி க்ரியேட் டிஃபால்ட் கான்டெக்ஸ்ட்னு கூப்பிட்டு ஒரு கான்டெக்ஸ்ட் எடுத்துக்கங்க. இத பல பேரு விட்டுடறாங்க, விட்டாலும் மெயில் போகும்ங்கறதுதான் ஆபத்து, ஏன்னா கான்டெக்ஸ்ட் குடுக்கலன்னா எஸ்எம்டிபிலிப் சர்வரோட சான்றிதழ சரிபாக்காது, நடுவுல யாராவது நான்தான் அந்த சர்வர்னு வந்து நின்னாலும் உங்க பாஸ்வேர்ட்ட அவங்க கிட்ட குடுத்துடும். ஒரு வரிதான், எழுதிடுங்க.

அப்புறம் வித் போட்டு, எஸ்எம்டிபிலிப்ல எஸ்எம்டிபி, அண்டர்ஸ்கோர், எஸ்எஸ்எல்ங்கற க்ளாஸ, இது முழுக்க பெரிய எழுத்து, சர்வர் பேரு, 465, கான்டெக்ஸ்ட், டைம்அவுட் 30ன்னு குடுத்து தெறங்க. டைம்அவுட் குடுக்கலன்னா சர்வர் பதில் சொல்லாதப்போ ஸ்க்ரிப்ட் அப்டியே மணிக்கணக்கா நிக்கும். உள்ள லாகின்ல யூசர் பேரும் பாஸ்வேர்டும், அடுத்த வரியில சென்ட் மெசேஜ்ல எம்எஸ்ஜி. முடிஞ்சுது. வித் போட்டதால இணைப்ப மூடற வேலையும் தானா நடக்கும். ஜிமெயிலுக்கு சர்வர் பேரு எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம்.

மொத மெயில உங்களுக்கே அனுப்பிப் பாருங்க. வந்துச்சுன்னா ஃபைல தெறங்க, சைஸ் ஒத்துப்போகுதான்னு பாருங்க.

சென்ட் மெசேஜ் எர்ரர் இல்லாம முடிஞ்சா மெயில் போய்ச் சேந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உங்க சர்வர் வாங்கி வச்சுக்கிச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். எதிர்ப்பக்கம் அந்த முகவரியே இல்லன்னா பவுன்ஸ் மெயில், அதாவது போய்ச் சேரலன்னு சொல்ற மெயில், அப்புறமா உங்க இன்பாக்ஸுக்கு வரும், ஸ்க்ரிப்ட்டுக்குத் தெரியாது.

போகலன்னா

மொதல்ல வித்ல தெறந்த சர்வர் ஆப்ஜெக்ட்ல, லாகினுக்கு முன்னாடி, செட் டீபக்லெவல் 1ன்னு ஒரு வரி போடுங்க, ரெண்டு பக்கமும் பேசிக்கறது எல்லாம் திரையில வரும். சர்வர் வணக்கம் சொல்லும்போதே சைஸ்னு ஒரு எண் சொல்லும் பாருங்க, அதுதான் அது வாங்கற அதிகபட்ச பைட், வீங்கினதுக்கு அப்புறம் உள்ள கணக்கு. லாகின் பண்றப்ப யூசர் பேரும் பாஸ்வேர்டும் பேஸ்64ல அதே திரையில வரும், அத யார் வேணா திருப்பிப் படிச்சிடலாம், அதனால இந்த வெளியீட்ட யாருக்கும் காப்பி பண்ணி அனுப்பாதீங்க.

சர்வர் பதில்ல 535னு எண் வந்தா யூசர் பேரோ பாஸ்வேர்டோ தப்பு, ஜிமெயில்னா பெரும்பாலும் ஆப் பாஸ்வேர்ட் போடாம சாதா பாஸ்வேர்ட் போட்டிருப்பீங்க, அதுக்கு 534னும் வரும். 530ன்னா லாகின் பண்ணாமலோ, 587ல ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல்லாமலோ அனுப்பப் பாத்திருக்கீங்க. 550ன்னா அந்தப் பெட்டியே இல்ல, இல்லன்னா உங்கள வாங்க மாட்டேன்னு மறுக்கறாங்க. 552 பெரும்பாலும் சைஸ், ஆனா ஜிமெயில்ல பாதுகாப்புக் காரணம்னு சொல்லியும் 552 வரும், இஎக்ஸ்இ, பிஏடி, ஜேஎஸ் மாதிரி ஃபைல ஜிமெயில் வாங்காது, ஜிப்புக்குள்ள வச்சாலும் உள்ள பாத்து மறுக்கும்.

எஸ்எஸ்எல் எர்ரர்ல ராங் வெர்ஷன் நம்பர்னு வந்தா உங்க பைத்தான் பழசுன்னு நெனச்சு அப்டேட் பண்ணாதீங்க, 465க்கு உண்டான க்ளாஸ வச்சுக்கிட்டு 587ல போய் நிக்கறீங்க, அவ்ளோதான். அதுக்கு நேர் எதிரா, சாதா எஸ்எம்டிபி க்ளாஸ வச்சு 465க்குப் போனா ரெண்டு பக்கமும் அடுத்தவங்க பேசட்டும்னு காத்துக்கிட்டு இருக்கும், கடைசியில டைம்அவுட்.

எர்ரரே இல்ல, ஆனா மெயில் ஸ்பேம்ல விழுதுன்னா ஃப்ரம் முகவரியப் பாருங்க. லாகின் பண்ணது ஒரு கணக்கு, ஃப்ரம்ல வேற டொமைன்னு இருந்தா எதிர்ப்பக்கத்து சர்வர் மெயில் உண்மையாவே அந்த டொமைன்ல இருந்துதான் வருதான்னு பாக்கற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு சோதனை வச்சு சந்தேகப்படும். லாகின் பண்ண முகவரியவே ஃப்ரம்ல போடுங்க.

பல பேருக்கு தனித்தனியா அனுப்பும்போது

இந்த ஒரு எடத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா இங்க தப்பு நடந்தா எர்ரர் வராது, அடுத்தவங்க ரகசியம் வெளிய போகும். ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க சம்பள ஸ்லிப்ப அனுப்பற ஒரு ஸ்க்ரிப்ட் நான் எழுதிட்டு இருந்தப்போ எம்எஸ்ஜி ஆப்ஜெக்ட்ட லூப்புக்கு வெளிய செஞ்சுட்டேன். லூப்புல ரெண்டாவது ஆளுக்கு டூ போடப் போனப்போ ஒரு டூ ஹெடர்தான் இருக்கலாம்னு வேல்யூ எர்ரர் வந்துச்சு, சரின்னு பழைய டூவ டெல் போட்டு அழிச்சுட்டு புதுசு போட்டேன், ஓடுச்சு. ஆனா ஆட் அட்டாச்மென்ட் பழசு மேலயே சேத்துட்டுப் போகுதுங்கறத கவனிக்கல, ரெண்டாவது ஆளோட மெயில்ல மொத ஆளோட ஸ்லிப்பும், பத்தாவது ஆளோட மெயில்ல பத்துப் பேர் ஸ்லிப்பும். முன்னாடி சொன்ன ஈஎம்எல் சோதனை பண்ணதாலதான் அனுப்பறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டுச்சு. அந்த வேல்யூ எர்ரர் உண்மையில ஒரு எச்சரிக்கை, அத அமுக்கிடக் கூடாது. ஒவ்வொரு ஆளுக்கும் லூப்புக்கு உள்ளயே புது ஈமெயில்மெசேஜ் செய்யுங்க, சர்வர் இணைப்ப மட்டும் வெளிய ஒரு தடவ தெறந்து வச்சு எல்லாருக்கும் அதையே பயன்படுத்துங்க.

ஒரே மெயில்தான், ஆனா ஒருத்தர் முகவரி இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாதுன்னா பிசிசி ஹெடர்ல போடுங்க. சென்ட் மெசேஜ் அந்த முகவரிகளுக்கும் அனுப்பிட்டு, போற மெயில்ல இருந்து பிசிசி வரிய எடுத்துடும். பழைய சென்ட்மெயில் ஃபங்ஷன் அப்டி எடுக்காது. அத வச்சு எழுதுன கோட்ல பிசிசி ஹெடர் இருந்தா எல்லாரும் எல்லார் முகவரியையும் படிக்க முடியும்.

எண்ணிக்கையும் பாத்துக்கங்க, சாதா ஜிமெயில் கணக்குல ஒரு நாளைக்கு 500 பேர் வரைக்கும்தான். அதுக்கு மேல தேவைன்னா மெயில் அனுப்பறதுக்குன்னே இருக்கற சேவைக்குப் போறதுதான் சரி.

தானா ஓட விடும்போது

கையால ஓட்டுனா போகுது, க்ரான்ல (குறிச்ச நேரத்துல ஸ்க்ரிப்ட்ட தானா ஓட்டற வசதி) போட்டா போக மாட்டேங்குதுன்னா ரெண்டு காரணம்தான் பெரும்பாலும். ஒண்ணு, க்ரான் உங்க டெர்மினல்ல இருக்கற என்விரான்மென்ட் வேரியபிள்கள எடுத்துக்காது, பாஸ்வேர்ட் அதுக்குக் கெடைக்கல. ரெண்டு, அது வேற ஃபோல்டர்ல இருந்து ஓடும், ரிப்போர்ட் டாட் பிடிஎஃப்னு வெறும் பேர் குடுத்தா தேடிக் கெடைக்காது, முழு பாத் குடுங்க.

ஃபைல் இருக்கான்னு மட்டும் பாத்தா போதாது. ரிப்போர்ட் செய்ற ப்ரோக்ராம் இன்னைக்கு தோத்துப் போயிருக்கலாம், ஃபோல்டர்ல நேத்து ஃபைல் அப்டியே இருக்கும், உங்க ஸ்க்ரிப்ட் இன்னைக்குத் தேதி போட்டு நேத்து கணக்க அனுப்பும், வாங்கறவங்க அத நம்பி முடிவெடுப்பாங்க. கடைசியா மாத்துன நேரம் இன்னைக்குத்தானா, சைஸ் பூஜ்யமா இல்லையான்னு ரெண்டு இஃப் போட்டு, சரியில்லன்னா ஃபைல் இல்லாம "இன்னைக்கு ரிப்போர்ட் தயாராகல"ன்னு ஒரு மெயில் அனுப்புங்க, மெயிலே வராம இருக்கறத விட அது நல்லது.

திரும்ப முயற்சி பண்ற கோட் எழுதறீங்கன்னா 4ல ஆரம்பிக்கற எண் வந்தா மட்டும் கொஞ்ச நேரம் விட்டு திரும்ப அனுப்புங்க, அது தற்காலிகத் தடங்கல். 5ல ஆரம்பிச்சா திரும்பத் திரும்ப தட்டி பிரயோஜனம் இல்ல, நின்னு என்னன்னு பாக்கணும். இணைப்பு பாதியில அறுந்துச்சுன்னா சர்வர் மெயில வாங்கிட்டு அறுந்துச்சா, வாங்காமலே அறுந்துச்சான்னு ஸ்க்ரிப்ட்டால சொல்ல முடியாது, திரும்ப அனுப்புனா ஒரே மெயில் ரெண்டு தடவ போயிருக்கலாம். அதுக்குத்தான் மெசேஜ் ஐடிய நாமளே போட்டோம். திரும்ப அனுப்பும்போது புதுசா ஒண்ணு உருவாக்காம அதே எம்எஸ்ஜிய அனுப்புங்க, ஒவ்வொரு முயற்சியிலயும் நேரம், மெசேஜ் ஐடி, யாருக்கு, சர்வர் சொன்ன எண் நாலையும் லாக் ஃபைல்ல ஒரு வரியா எழுதுங்க. எனக்கு ரெண்டு மெயில் வந்துருக்கேன்னு யாராவது கேட்டா அந்த லாக்க தெறந்து ரெண்டும் ஒண்ணுதானான்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம்.